காற்றில் நின்ற பொந்துகள்

லயத்துக்கு மேல்சரிவில் நின்ற நாங்கு மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்து, துண்டு துண்டாக அறுத்து, லாரியில் ஏற்றி மலையை விட்டு இறக்கி, மிஞ்சிய கொப்பையும் தழையையும் குவித்துத் தீ வைத்து முடித்த மறுநாள் விடிந்ததும், மலைக்கிளிகள் எப்போதும் வருகிற வழியில் எப்போதும் போடுகிற சத்தத்தோடு வந்து, மரம் நின்ற இடத்தில், பொந்து இருந்த அதே உயரத்தில், வெறும் காற்றுக்குள் தலையை நுழைத்து இரை ஊட்டிவிட்டுப் போயின. முதலில் பார்த்தவள் ஒச்சம்மாதான். கடைசி மரம் விழும்போது காலை முறித்துக்கொண்ட புருஷன் வீரணனை வாசலில் உட்காரவைத்து, கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் தூக்கிவைத்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்து, "இந்தாய்யா, பொந்து அங்கனயேதான் இருக்கு" என்றாள். வீரணனும் திரும்பிப் பார்த்தான். "மரத்தத்தான் வெட்டச் சொன்னாய்ங்க. பொந்த வெட்டச் சொல்லலையே" என்றான். அந்த வீட்டில் அன்றைக்கு அதைப் பற்றி அவ்வளவுதான் பேச்சு.

மலைக்கிளியைப் பார்த்திராதவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு பாதியில் நிறுத்திக் கேட்காதீர்கள். கீழே கம்பம் பக்கம் சோளக்காட்டில் கூட்டமாக இறங்குகிற பச்சைக்கிளி இல்லை இது. தலையும் நெஞ்சும் சாம்பல் பூத்த நீலம். கழுத்தில் கறுப்பு வளையம், ஆணுக்கு அதற்குக் கீழே மயில்நிறத்தில் இன்னொன்று. வால் நீலம், வால்நுனி மட்டும் மஞ்சள். ஆணுக்கு மூக்கு சிவப்பு, பெட்டைக்குக் கறுப்பு. இந்த மலைத்தொடரை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இத்தனை அழகு கொடுத்த சாமி தனக்கென்று ஒரு பொந்து தோண்டிக்கொள்ளும் சாமர்த்தியத்தைக் கொடுக்கவில்லை. மரங்கொத்தியும் குக்குறுவானும் கொத்திக் குடியிருந்து காலிசெய்துவிட்டுப் போன பொந்தில்தான் தை பிறந்ததும் குடியேறும். பெட்டை உள்ளே போய் அடையில் உட்கார்ந்துவிட்டால் அவ்வளவாக வெளியே வராது. ஆண்தான் காட்டத்தியும் முள்முருங்கைப் பூவும் தின்று, தொண்டையில் சேர்த்துக்கொண்டு பறந்து வந்து, பொந்து வாயில் தொற்றி, அவள் மூக்கோடு மூக்கை வைத்துக் கக்கி ஊட்டும். அடுப்படி ஜன்னல் வழியாக வருசாவருசம் இதைப் பார்த்து ஒச்சம்மாவுக்கு ஒரு ஏக்கம். "யோவ், ஒரு நாளாச்சும் எனக்கு இப்படி ஊட்டியிருக்கியா?" என்பாள். "கக்கித் தாரேன், திங்கிறியா?" என்பான் வீரணன், தட்டில் கிடக்கிற கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டே. கறிவேப்பிலை ஒதுக்காமல் அவன் ஒரு வாய் சோறு தின்றதில்லை, அவளும் போடாமல் ஒரு நாள் தாளித்ததில்லை.

கூவப்பாறை எஸ்டேட்டின் மேல் லயம் என்றால், ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாகக் கதவுகள் வைத்த ஒட்டுவீடுகள். முன்னால் ஆறு, ஆற்றுக்கு மேல் ஒரு மரப்பாலம், அக்கரையில் தேயிலையும் பேக்டரியும். பின்னால் அந்தச் சரிவு. சரிவின் உச்சியில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப்போகக் கண்ணாடி பங்களா கட்ட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்ததால்தான் மரம் வெட்டினார்கள். வெட்டியவன் வீரணன், அவனோடு நாலைந்து பேர். சரிவு மொட்டையடித்த தலையாகிப் போனது, அதன் மேலே அங்கங்கே சாப்பாட்டுத் தட்டளவில் கறுப்பாகப் பொந்துகள் நின்றன. எதிரே நின்று பார்த்தால் இருட்டும், இருட்டைச் சுற்றி விரல் தடிமனுக்குப் பட்டையும் தெரியும்; பின்பக்கம் போய்ப் பார்த்தால் வானம்தான் தெரியும்.

ஃபீல்டு ஆபீசர் வந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், "கொழுந்தெடுக்கிற வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மானேஜர் ஆளனுப்பிச் சிமெண்டு குழைத்து அடைக்கச் சொன்னார். பொந்து சிமெண்டையும் வாங்கிக்கொண்டது, கரண்டியையும் வாங்கிக்கொண்டது. பிள்ளைகள் எறிந்த கல் திரும்பி வரவில்லை, பந்தும் வரவில்லை, அதற்காக வாங்கிய அடிதான் மிச்சம். டீக்கடை மரியதாஸ், ரேடியோவைப் பொந்துக்கு நேராகத் திருப்பி வைத்தால் இரைச்சலில்லாமல் பாடுகிறது என்று கண்டுபிடித்தார். மரம் நின்றபோது அதைச் சுற்றி வளைந்து போன ஒற்றையடிப் பாதை, மரம் போன பிறகும் வளைந்தே போனது, நேராக நடக்க யாருக்கும் கால் வரவில்லை. மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறக்கிற பெண்கள், உச்சி வெயில் மண்டையைப் பிளந்தாலும் பழைய நிழல் விழுந்த இடத்தில்தான் உட்கார்ந்தார்கள். ஒரு மாதத்தில் எல்லாம் பழகிப்போனது. மனுசனுக்கு எதுதான் பழகாது?

இதற்கு நடுவில் ஒச்சம்மாவின் மகள் பவுனு, கம்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், பெட்டியோடு வந்து நின்றாள். கல்யாணமாகி எத்தனையோ வருசம் வயிறு திறக்கவில்லை, மாமியார் வாய் ஓயவில்லை. மருமகன் நல்லவன்தான், செங்கல் சூளையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்து தலையைக் குனிந்துகொண்டு காப்பி குடித்து, ராத்தங்கி விடியலில் போவான். முன்பெல்லாம் பிள்ளையில்லாதவர்கள் சரிவின் அடியில் நின்ற கூனி மரத்தில்தான் தொட்டில் கட்டுவார்கள். முதுகு வளைந்த நாங்கு அது. அதன் பொந்து மட்டும் ஒரு ஸ்டூல் போட்டால் கை எட்டுகிற உயரத்தில் இருக்கும். அந்த மரத்தையும் வெட்டியாகிவிட்டது, கட்டியிருந்த தொட்டில்களெல்லாம் தழையோடு எரிந்தும் போயின. ஒச்சம்மா திருவிழாக் கடையில் மஞ்சள் சாயமடித்த சின்ன மரத்தொட்டில் ஒன்று வாங்கி வந்து, எங்கே கட்டுவது என்று தெரியாமல் நாள் பூரா கையில் வைத்துக்கொண்டு அலைந்து, கடைசியில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, காற்றில் நின்ற கூனிப் பொந்துக்குள் வைத்தாள். உள்ளே பழைய மரத்தின் வாசம் வந்தது. அந்த வாசத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: "எம்மகளுக்கு ஒரு பிள்ளையக் குடு. பிள்ளை பெறந்து நான் வந்து இந்தத் தொட்டில இறக்குற வரைக்கும் அவ ஆத்தத் தாண்ட மாட்டா."

ஆற்றைப் பற்றி ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. மகள் மறுபடியும் மாமியார் வீட்டுக்குப் போய்ப் பேச்சு வாங்கக் கூடாது என்ற ஆசைதான் வாக்காக வந்து விழுந்திருக்க வேண்டும். கல்லையும் சிமெண்டையும் விழுங்கிய பொந்து தொட்டிலை விழுங்கவில்லை, வாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டது. புரட்டாசி கழிவதற்குள் பவுனுவுக்குக் குமட்டல் கண்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா! லயத்தில் ஒரு கதவு பாக்கியில்லை. பிள்ளைக்குத் தொட்டில், இருமலுக்குத் துணிமுடிச்சு, மகன் வேலைக்கு ஒரு மஞ்சள் கயிறு, எல்லாம் கூனிப் பொந்துக்குள் போனது. ஒச்சம்மாவுக்குப் பலித்த வாக்கு ஆயிற்றே, அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற யாருக்கும் தைரியமில்லை, எல்லோரும் காரியம் கைகூடிப் பொருளை இறக்குகிற வரைக்கும் ஆற்றைத் தாண்ட மாட்டேன் என்றே சொல்லி வைத்தார்கள். பேக்டரியில் இலை அரைத்துக்கொண்டிருந்த பொம்மையன் அந்த வேலையை விட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதி பூசி, பொந்துக்குப் பூசாரியானான். அக்கரை வேலைக்குப் போக ஆளில்லை. ரேஷன் வாங்க, மருந்து வாங்க, வேண்டுதல் எதுவும் வைக்காத ஒன்றிரண்டு பேர்தான் பாலத்தில் போய் வந்தார்கள். "உங்களுக்கு ஒரு ஆசையும் இல்லாட்டி எங்களுக்குச் சுமக்கணும்" என்று அவர்கள் தலையில் மூட்டையை ஏற்றினார்கள். வாக்குக் கொடுத்தது மகளுக்காக மட்டும் என்பதால் ஒச்சம்மாவும் அவர்களில் ஒருத்தி, தினம் அக்கரைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள்.

ஐப்பசி மழை அடித்து ஓய்ந்த பிறகு ஒரு நாள், பொம்மையன் ஸ்டூலில் ஏறினான், கை எட்டவில்லை. குதிகாலை உயர்த்தினான், விரல் நுனி பட்டது. கார்த்திகையில் அதுவும் படவில்லை. மூங்கிலில் ஏணி கட்டி, உச்சியில் இரண்டு கொக்கி வைத்து, பொந்தின் உதட்டில் மாட்டினார்கள். மரத்தில் மாட்டிய மாதிரியே கிண்ணென்று நின்றது. மார்கழியில் அந்த ஏணியின் அடியில் இன்னொரு மூங்கிலை வைத்துக் கட்ட வேண்டியிருந்தது. மற்றப் பொந்துகளைப் பார்த்தார்கள், அவையும் உயர்ந்திருந்தன. "மரம் வளருது!" என்று பொம்மையன் கத்தினான். பெண்கள் குலவை போட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத நாங்குகள் மண்ணுக்குள் வேரோடி, காற்றுக்குள் கொப்பு விட்டு, வெட்டியவன் வெட்டாதவன் எல்லோரையும் மன்னித்து வளர்கின்றன என்று சொல்லி, பொந்துக்கடியில் பொங்கல் வைத்தார்கள். அன்றைக்கு வீரணன் அழுதான். ஊன்றுகோலைப் போட்டுவிட்டு மண்ணில் விழுந்து கும்பிட்டு, "நான் வெட்டுனது வீணாப் போச்சு, நல்லவேளை, வீணாப் போச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கால் முறிந்த நாளிலிருந்து சிரிக்காத மனுசன், அன்று இரண்டு தட்டுப் பொங்கல் தின்றான்.

தை பிறந்து மலைக்கிளிகள் வந்தன, முட்டையிட்டன, பங்குனியில் குஞ்சுகள் பொந்து வாயில் தலை நீட்டின. ஒச்சம்மா அக்கரையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவள், முதுகை நிமிர்த்த நின்றபோது, ஆண்கிளி ஒன்று எதிர்மலையின் பிளவிலிருந்து கிளம்பி வருவதைப் பார்த்தாள். கூனிப் பொந்துக்கு வருகிற கிளி அது. வருசாவருசம் பாறைப் பிளவுக்கும் பொந்துக்கும் கயிறு கட்டினாற்போல் நேராகத்தான் வரும், இன்றைக்கும் நேராகத்தான் வந்தது, ஒரு விரல்கூட மேலே ஏறவில்லை. பொந்து உயர்ந்திருந்தால் கிளியும் உயர்ந்திருக்க வேண்டுமே என்று அவளுக்குத் தோன்றியது. கண் தானாகக் கீழே இறங்கியது. லயத்துக் கூரைக்குப் பின்னால் பாறை மேல் கட்டிய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. இந்தத் தேயிலைப் பாத்தியில் நின்றால் அதன் மூடி மட்டும்தான் கூரைக்கு மேலே தெரியும், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். இப்போது தொட்டியின் வயிறு தெரிந்தது, அடியில் பாசி படிந்த குழாயும் தெரிந்தது. பாறை மேல் நின்ற தொட்டி நின்ற இடத்தில் நிற்கிறது, பொந்து நின்ற இடத்தில் நிற்கிறது, கூரைதான் இறங்கியிருக்கிறது. வீடு, வாசல், அடுப்பு, பொங்கல் வைத்த மண், மகளின் வயிறு எல்லாம் சேர்ந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. அடி ஆத்தி, என்று அவள் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று வீட்டுக்குப் போய் அடுப்படித் தரையைப் பார்த்தாள். சாணி மெழுகி மறைத்திருந்த விரிசலுக்குள் அவள் விரல் போனது. பின்கதவு மாசி மாதத்திலிருந்தே இறுகிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது, மரம் ஊறிவிட்டது என்று அதுவரை நினைத்திருந்தாள்.

சொல்லிப் பார்த்தாள். பொம்மையனிடம் போய், "மரம் வளரலைண்ணே, மண்ணுதான் எறங்குது. மழைக்கு முன்னாடி எல்லாரும் அக்கரைக்குப் போயிருவோம்" என்றாள்.

பொம்மையன் விபூதித் தட்டைக் கீழே வைத்தான். "உம்மகளுக்குக் கெடைச்சிருச்சுல்ல? அடுத்தவுகளுக்குக் கெடைக்கப் போகுதுன்னதும் வயிறு எரியுதாக்கும்."

பக்கத்து வீட்டு ராசக்கிளி, அவளும் தொட்டில் வைத்துவிட்டுக் காத்திருப்பவள், வாசலில் நின்றபடியே சொன்னாள்: "மதினி, வாக்குன்னா என்னன்னு நீங்கதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீக. இப்ப நீங்களே தாண்டச் சொல்றீக. இது நல்லாருக்கா?"

மானேஜரிடம் போனாள். மழை வரட்டும், ஆள் வைத்துப் பார்க்கலாம் என்றார்.

மகளிடம் சொன்னபோது பவுனு அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, "எத்தன வருசம்மா... நீதான வாக்குக் குடுத்த. தாண்டி எதுனா ஆச்சுன்னா? நான் தாண்ட மாட்டேன், நீ என்னையக் கொன்னாலும் தாண்ட மாட்டேன்" என்றாள். தான் வாயைத் திறந்து சொன்ன ஒரு சொல் மகளைக் கட்டிப்போட்டு, அவள் வயிற்றுப் பிள்ளையைக் கட்டிப்போட்டு, லயத்தையே கட்டிப்போட்டு மண்ணோடு சேர்த்து இறக்குகிறதே என்று ஒச்சம்மாவுக்கு உறைத்தது. இவள் வராமல் தான் மட்டும் போவதா? அது நடக்காது. தூக்கிக்கொண்டு போக இவள் என்ன கைக்குழந்தையா?

சித்திரையில் கூனிப் பொந்துக் குஞ்சுகள் வெளியே வந்தன. வந்தன என்று சும்மா சொல்லிவிடக் கூடாது, வரவைத்தார்கள். தொண்டை புடைக்க இரையோடு வந்த ஆண்கிளி பொந்துக்குப் போகவில்லை. எட்ட நின்ற சவுக்கு மரத்தில் உட்கார்ந்துகொண்டு, சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுகிற தாயைப் போலக் கூப்பிட்டது. குஞ்சுகள் கத்தின, ஏசின, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தன. அது நகர்ந்து அடுத்த மரத்துக்குப் போனது. கடைசியில் பசி தாங்காமல், கோபம் தாங்காமல், ஒன்று பொந்திலிருந்து விழுந்தது, விழுகிற வழியில் சிறகு விரிந்துவிட்டது. ஒச்சம்மா உலை கொதித்து வழிவதுகூடத் தெரியாமல் ஜன்னலில் நின்று அதைப் பார்த்தாள்.

ஆனி பிறந்து மழை இறங்கியது. இறங்கிய மழை நிற்கவில்லை. ஒரு காலையில் வீரணன் ஊன்றுகோலை ஊன்றி முற்றத்துக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். ஒச்சம்மா முறத்தைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போனாள். கூனிப் பொந்தின் உதட்டில் மாட்டியிருந்த ஏணி, நேற்றுவரை மண்ணில் ஊன்றியிருந்த ஏணி, இன்று முழங்கால் உயரத்தில் அந்தரத்தில் தொங்கியது. மழைக்காற்றில் மெல்ல ஆடிக்கொண்டும் இருந்தது.

வீரணன் வெகுநேரம் அதைப் பார்த்தான். "வளரலையா?" என்றான்.

"இல்லய்யா."

"நான் வெட்டுனது வெட்டுனதுதானா?"

அவள் முறத்தை அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். அவன் முகத்தில் வழிந்தது மழையா என்னவென்று பார்க்கவும் அவளுக்குப் பயமாக இருந்தது. அவனே, "சொல்லு, என்ன செய்யணும்?" என்றான்.

அவள் சொன்னாள். கிளி இரையைக் காட்டிக் குஞ்சை வெளியே வரவைத்ததையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "இறக்குறதுன்னா நீதான் இறக்கணும், வாக்கு அப்படி. ஆனா நீ மூட்டையோட ஓடுறது அவுகளுக்குத் தெரியணும்ல? நான் தெரியவைக்கிறேன்" என்றான்.

"இந்தக் காலோடயா?"

"கதவத் தட்டுறதுக்குக் கை போதும்" என்றான்.

ஒச்சம்மா இடுப்பில் கொழுந்துச் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். வீரணன் கீழே தொங்கிய மூங்கிலை மார்போடு அணைத்து ஆடாமல் பிடித்துக்கொண்டான். கையை நுழைத்தபோது அதே பழைய மரத்தின் வாசம் வந்தது. மஞ்சள் தொட்டிலை எடுத்தாள், ராசக்கிளியின் தொட்டிலை எடுத்தாள், துணிமுடிச்சு, மஞ்சள் கயிறு, யார் யாருடைய ஆசையோ எல்லாவற்றையும் வழித்துச் சாக்கில் போட்டாள். பொந்து எதிர்க்கவில்லை. இறங்கி வந்து, வாசலில் நின்ற பவுனுவுக்கு முன்னால் மஞ்சள் தொட்டிலை எடுத்துக் காட்டினாள். "தொட்டில இறக்கியாச்சு. இனி இது போற இடத்துக்குத்தான நீயும் வரணும்? நட" என்றாள். பவுனு, "அடிப்பாவி அம்மா!" என்று அலறியதைக் கேட்டுக்கொண்டே பாலத்தைப் பார்த்து ஓடினாள்.

வீரணன் முதல் கதவில் ஊன்றுகோலால் ஓங்கி அடித்தான். "ஏய், வெளிய வாங்க! எம்பொண்டாட்டி உங்க வேண்டுதலையெல்லாம் தூக்கிட்டு ஓடுறா! திருடி! புடிங்க அவள!"

மலை சரிகிறது என்றால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருப்பார்கள். வேண்டுதல் போகிறது என்றதும் கதவுகள் படார் படாரென்று திறந்தன. பொம்மையன் விபூதி கரைந்து வழிய ஓடினான். பெண்கள் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினார்கள், கிழவர்கள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள், படுக்கையில் கிடந்த சீக்காளியை மகன் முதுகில் சுமந்துகொண்டு ஓடினான், ஏனென்றால் அந்தச் சாக்கில் அவருடைய துணிமுடிச்சும் கிடந்தது. பவுனுவால் ஓட முடியவில்லை. "உங்கம்மா வெளங்குவாளா? அவ கையில கட்டை மொளைக்க!" என்று ஏசிக்கொண்டே ராசக்கிளியும் இன்னொருத்தியும் அவளை ஆளுக்கொரு பக்கம் கைத்தாங்கலாகப் பிடித்துக் கொண்டுவந்தார்கள்.

ஒச்சம்மா வேகமாக ஓடவில்லை. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நின்றாள், கை நீளும்போது நகர்ந்தாள். பாலத்தில் நின்றாள். கீழே ஆறு செம்மண்ணாகப் போனது, கூட்டம் பாலத்தில் ஏறுகிறவரை காத்திருந்து, சாக்கைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டு அக்கரையில் ஏறினாள். கரையில் நின்றுவிடுவார்களோ என்று மறுபடியும் நகர்ந்தாள், தேயிலைக்குள் ஏறினாள், பேக்டரிக் கொட்டகை வரைக்கும் ஏறினாள். "ஆத்தத் தாண்டிட்டாளே, எல்லாம் போச்சே" என்று பின்னால் அழுதுகொண்டே அவர்களும் ஆற்றைத் தாண்டினார்கள். கொட்டகை வாசலில் பொம்மையன் அவள் கூந்தலைப் பிடித்தான், யாரோ கன்னத்தில் அறைந்தார்கள், சாக்கைப் பிடுங்கினார்கள். அவள் அடியை வாங்கிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி லயத்துக் கரையைப் பார்த்தாள். பவுனு பாலத்தைத் தாண்டி மேடேறிக்கொண்டிருந்தாள். லயத்தில், நீளக் கூரையின் கடைசிக் கதவில், ஒரு ஆள் ஊன்றுகோலால் தட்டிக்கொண்டிருந்தான். திறந்து பார்த்து, உள்ளே யாருமில்லை என்று தெரிந்துகொண்டு, வந்த வழியே நொண்டி நொண்டித் திரும்பினான். தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது உட்கார்ந்தான். அவ்வளவு தூரம் தட்டியதில் கால் ஓய்ந்து போயிருக்க வேண்டும். பவுனுவின் பிள்ளைக்கென்று மடித்து வைத்த பழந்துணி உள்ளே இருந்தது, அதை எடுக்கவோ என்னவோ எழுந்து, குனிந்து, வாசலுக்குள் போனான்.

அப்போது மலை இறங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது. முதலில் கூரை அப்படியே ஒரு பக்கமாக நகர்ந்தது, தண்ணீர்த் தொட்டி நின்ற பாறை மட்டும் நின்றது, மற்றதெல்லாம் மண்ணாகி, பாலத்தையும் சேர்த்துக்கொண்டு ஆற்றுக்குள் போனது. அறைந்த கை அந்தரத்தில் நின்றது. ஒச்சம்மா, "யோவ்" என்றாள். கத்தவில்லை, சோறு தின்னக் கூப்பிடுகிற குரலில்தான் சொன்னாள்.

பவுனுவுக்கு அன்று பொழுது சாய்வதற்குள் கொட்டகையில், கொழுந்துச் சாக்குகளின் மேல் பெண்பிள்ளை பிறந்தது. தொப்புள்கொடியை ராசக்கிளிதான் அறுத்தாள். பொம்மையன் வந்து ஒச்சம்மாவின் காலைத் தொட்டான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

மழை விட்டதும் பார்த்தார்கள். லயம் இருந்த சரிவில் மண்மேட்டுக்கு மேலே, கூனிப் பொந்தும் மற்றப் பொந்துகளும் நின்ற இடத்தில் நின்றன. அவற்றுக்குக் கீழே, காற்றில், வரிசையாக, லயத்துக் கதவுவாசல்களும் நின்றன, கறுப்பாக, சுற்றிலும் நிலைச்சட்டத்தின் விளிம்போடு. யாரும் ஆச்சரியப்படவில்லை. அவரவர் வாசலை அவரவர் அடையாளம் கண்டுகொண்டு, ஒரு தடவை பார்த்துவிட்டு, அரசாங்கம் தருகிறதாகச் சொன்ன வீட்டைப் பற்றிப் பேசப் போனார்கள். புதுப்பாலம் மூங்கிலில் கட்டினார்கள். அதில் லயத்துக் கரைக்குப் போகிறவள் ஒச்சம்மா மட்டும்தான். தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு, மண்மேட்டில் ஏறி நின்று, துரட்டிக் கம்பின் கொக்கியில் மாட்டித் தன் வீட்டு வாசலுக்குள் நீட்டுவாள். கொஞ்ச நேரம் பொறுத்து இறக்குவாள். சோறு காலியாகியிருக்கும். காக்கா தின்றிருக்கும் என்று ஜனங்கள் சொன்னார்கள். அவள் மூடியை எடுத்து ஆற்றில் கழுவப் போனாள். மூடி ஓரத்தில் கறிவேப்பிலை ஒவ்வொன்றாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

மறுபடியும் ஐப்பசி மழை வந்து ஓய்ந்த ஒரு காலையில், ஒச்சம்மா கொட்டகை வாசலில் உட்கார்ந்து துரட்டியின் அடியில் இன்னொரு மூங்கில் கழியை வைத்துக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள். பவுனு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். 

"அம்மா, அந்த மண்ணு இன்னும் எறங்குது. நீதான எங்களுக்குச் சொன்ன? அது மேல போய் நிக்காதம்மா."

ஒச்சம்மா பல்லால் கயிற்றைக் கடித்து இறுக்கினாள். தூக்குச்சட்டியை எடுத்தாள்.

"இல்லடி" என்றாள். "வாசல்தான் வளருது."